உலரும் வெள்ளை, உலராத பச்சை

ஃபோர்ட் கொச்சியிலோ அதை ஒட்டிய மட்டாஞ்சேரியிலோ மாலைக் கதகளிக்குச் சீட்டு வாங்கினால், ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஒப்பனை போடுவதைப் பார்க்க விடுவார்கள். என்னைக் கேட்டால், கொடுத்த காசில் பாதி அங்கேயே வசூலாகிவிடும். தரையில் ஒரு பாய். அதில் மல்லாந்து கிடக்கும் நடிகர் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருக்கலாம். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் சுட்டிக்காரர் ஈர்க்குச்சி முனையில் வெள்ளைக் குழம்பைத் தொட்டுத் தொட்டு, ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம்வரை தாடையை ஒட்டி ஒரு விளிம்பு கட்டிக்கொண்டிருப்பார். அந்த விளிம்புக்குச் சுட்டி என்று பெயர். கேரள கலாமண்டலத்தில் இதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது.

சுற்றுலாப் பயணிகளுக்கான ஆட்டத்தில் எல்லாமே சுருக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி திருப்பூணித்துறை பூர்ணத்ரயீச கோயிலில் விருச்சிக மாதத்து எட்டு நாள் உற்சவத்தின்போது நடக்கும் ஆட்டங்களுக்கு அந்தச் சுருக்கம் செல்லாது. விடியவிடிய நடக்கும் ஆட்டத்தில் ஒரு முக்கிய வேடத்துக்கு முகம் எழுதவே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதற்கான சரக்கைத் தயார் செய்யும் வேலை பல நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. கல்லை உடைத்து அரைக்க வேண்டும், அரிசியை ஊற வைக்க வேண்டும், விளக்குப் புகையைப் பிடித்து மை சேர்க்க வேண்டும், பூவின் சூலைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். பார்க்கப் பாட்டி வைத்தியத்துக்கான ஏற்பாடு மாதிரி இருக்கும். உண்மையில் சரக்குகளில் பாதி மருந்துக்கடைச் சரக்குதான்.

இந்த வேலைகளை ஒரே ஒரு கேள்வி இரண்டாகப் பிரிக்கிறது. எது உலர வேண்டும், எது உலரவே கூடாது?

உலர வேண்டியது வெள்ளை. பச்சரிசியை ஊற வைத்து நைய அரைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்த மாவு அது. எண்ணெய் ஒரு துளியும் சேராது, வெறும் தண்ணீர்தான். ஏன் எண்ணெய் கூடாது என்பதை மார்கழி மாதத்து வாசல் சொல்லித்தரும். அரிசி மாவைக் கரைத்துப் போடும் மாக்கோலம், போட்ட கையோடு மங்கலாகத் தெரியும். கால் மணி கழித்து வந்து பார்த்தால் பளிச்சென்று வெளுத்திருக்கும். அந்தக் கால் மணியில் நடந்தது என்ன? ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது, சிதறுகிறது. எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, அரிசி மாவுக்குச் சுமார் 1.53. ஈரமாக இருக்கும்போது மாவுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் சொற்பம். ஒளி அவ்வளவாகத் தடுமாறாமல் ஊடுருவித் தரையைக் காட்டிவிடுகிறது. தண்ணீர் ஆவியாகி அந்த இடத்தில் காற்று புகுந்ததும் வித்தியாசம் பெருகி, ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் வெண்மை என்கிறோம். இதே மாவை எண்ணெயில் குழைத்திருந்தால்? தேங்காய் எண்ணெயின் எண் சுமார் 1.45. மாவுக்கு மிக அருகில். காற்று புகவும் வழியில்லை. நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு மங்கல் பூச்சுதான் மிஞ்சும்.

அரிசியைத் தேர்ந்ததிலும் சூட்சுமம் உண்டு. நாம் சாப்பிடும் தானியங்களில் மாவுமணி மிகச் சிறியதாக இருப்பது அரிசியில்தான். ஒரு மணி 3 முதல் 8 மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் குறுக்கே பத்துப் பதினைந்து மணிகளை வரிசையாக அடுக்கலாம். உருளைக்கிழங்கின் பெரிய மணி ஒன்றே முடியைவிடத் தடிமனாக இருக்கும். மணி சிறுத்தால் சிதறல் கூடும். விளிம்பும் வழுவழுவென்று வரும்.

சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது. காரம் பட்டதும் மாவுமணிகளின் மேற்புறம் கொஞ்சம் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ரொட்டிக்கு மாவு பிசைவதும் இந்த இளக்கத்தை நம்பித்தான். பிறகு சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்துத் திரும்பவும் கல்லாகத் தொடங்குகிறது. ஒரே இரவில் முழுக்கக் கல்லாகிவிடாது. மேலே ஒரு மெல்லிய தோல் கட்டினாலே போதும். கேரளத்தில் சிப்பிச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. கொச்சிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் வேம்பநாட்டுக் காயலில் கறுப்புக் கக்கா எனும் சிப்பி மலிந்து கிடக்கிறது. அதன் ஓட்டைச் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு. ஒரு சிப்பி தண்ணீரிலிருந்து எடுத்துக் கட்டிய ஓடு, சூளையில் வெந்து, அரிசியோடு கலந்து, காற்றைக் குடித்து அர்ஜுனன் தாடையில் மறுபடி ஓடாகிறது.

மாவைப் படலம் படலமாக ஏற்ற வேண்டும். ஒரு வரி உலர்ந்த பின்தான் அடுத்த வரி. அவசரப்பட்டுத் தடிமனாக அப்பினால், மேற்புறம் முந்திக்கொண்டு உலர்ந்து சுருங்கும்; அடியில் ஈரம் நிற்கும்; வெடிப்பு விடும். நேரம் இழுப்பது இதனால்தான். நடிகர் தூங்குவதும் வெறும் சோம்பல் அல்ல. கொட்டாவி விட்டால் வேலை கெட்டுவிடும். முன்பெல்லாம் முழு விளிம்பையும் மாவாலேயே எழுப்பினார்கள். போன நூற்றாண்டில் காகிதம் வந்தது. வளைவாக வெட்டிய காகிதப் பட்டையை மாவு வரிகளில் பதித்துவிடுகிறார்கள். விளிம்பு அகலமானது, எடை குறைந்தது, நேரமும் மிச்சம்.

தாடையில் ஒட்டிய விளிம்பு பேசினால் உடைந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். உடையும். ஆனால் கதகளியில் நடிகர் பேசுவதில்லை. பின்னால் நிற்கும் பாகவதர்கள் பாடுகிறார்கள். வேடக்காரர் கையாலும் கண்ணாலும் சொல்கிறார். கதகளிக்கு மூலமான ராமனாட்டத்தில் வேடக்காரர்களே பாடினார்கள் என்றும், வெட்டத்து நாட்டு அரசர் காலத்தில் பாட்டு பாகவதர் கைக்குப் போனது என்றும் மரபு சொல்கிறது. வாய் விடுதலையான பிறகுதான் தாடையில் இவ்வளவு வேலைப்பாடு சாத்தியமாகியிருக்கும் என்பது என் ஊகம். ஒரு கலையின் இசை ஏற்பாடு அதன் ஒப்பனையின் அகலத்தைத் தீர்மானித்திருக்கிறது!

இனி உலரக் கூடாத பக்கம். பச்சை வேடம் என்றால் ராமன், கிருஷ்ணன், நளன், தருமன் போன்ற நல்லவர்கள். பச்சை நிறம் கடையில் பச்சையாகக் கிடைப்பதில்லை. மனயோலை என்ற மஞ்சள் கல்லையும் அவுரியிலிருந்து வரும் நீலத்தையும் சேர்த்து அரைத்தால் அது பிறக்கிறது. மனயோலையை நம்மூர் நாட்டு மருந்துக்கடைக்காரர் தாளகம் என்பார். அரிதாரம் என்றாலும் புரிந்துகொள்வார். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். உதட்டுக்கும், கத்தி எனப்படும் எதிர்நாயக வேடத்தின் சிவப்புக்கும் சாயில்யம். அதுவே நம் சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது.

இரண்டையும் அம்மியில் வைத்து மணிக்கணக்காக அரைக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைப்பக்குவம். சாதிலிங்கத்தை அரைக்க அரைக்கக் கருஞ்சிவப்பு தெளிந்து இளஞ்சிவப்பாக ஒளிரும். மனயோலை நேர்மாறு. அதிகமாக அரைத்தால் பொன்னிறம் செத்து வெளிறிப்போகும். ஒன்றை இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டே போகலாம். மற்றதில் போதும் என்று கை தூக்கத் தெரிய வேண்டும்.

மெல்லிய ஒரு பூச்சு தோலின் நிறத்தை முழுக்க எப்படி மறைக்கிறது? மீண்டும் அந்த ஒளிவிலகல் எண்தான். வைரத்துக்கு 2.42 என்றால், சாதிலிங்கத்துக்கு 2.9-க்கு மேல். மனயோலையும் வைரத்துக்குச் சளைத்ததல்ல. எண்ணெயின் 1.45-க்கும் இவற்றுக்கும் நடுவே பெரிய இடைவெளி. ஆகவே எண்ணெயில் மூழ்கியும் இவை ஒளியை உள்ளே விடாமல் திருப்பிவிடுகின்றன. அரிசி மாவுக்கு முடியாதது இந்தக் கற்களுக்கு முடிகிறது. தண்ணீரில் எது, எண்ணெயில் எது என்ற பிரிவினை வெறும் வழக்கமாக நின்றுவிட்டது அல்ல. பொருளின் குணமே அதைக் கேட்கிறது.

அந்த எண்ணெய் தேங்காய் எண்ணெயாக இருப்பதும் அப்படித்தான். ஐரோப்பிய ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் நிறம் குழைத்தார்கள். அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுறாதது. அதாவது ஆக்சிஜன் வந்து பிடித்துக்கொள்ள மூலக்கூறில் இடம் இருக்கிறது. பிடித்துக்கொண்டதும் மூலக்கூறுகள் பின்னிப் பிணைந்து கெட்டித் தோலாகிவிடும். சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு அது வரம். துடிக்க வேண்டிய கன்னத்துக்குச் சாபம். தேங்காய் எண்ணெயில் கணக்கு தலைகீழ். பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஆக்சிஜனுக்கு அங்கே வேலையே இல்லை. இரவு முழுக்க வைத்திருந்தாலும் உலராது. சுமார் 24 டிகிரியில் உருகுவதால் முகத்தின் சூட்டில் கட்டியாகவும் ஆகாது. புருவம், இமை, கன்னம் என்று முகத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட தசைகள் அசையும்போது பச்சை கூடவே அசைகிறது, விரிசல் விடுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் அதே தேங்காய் எண்ணெயை அள்ளித் தேய்த்தால் மொத்த நிறமும் வழிந்து வந்துவிடும்.

ஒன்றாக வைக்கும்போது எது எதைக் கெடுக்கும் என்பதும் இந்த நிறத் தட்டில் தீர்க்கப்பட்டிருக்கிறது. மனயோலையோடு ஈயம் கலந்த வெள்ளையையோ செம்பு கலந்த பச்சையையோ சேர்த்தால் கந்தகம் தாவிப் போய்க் கறுக்க வைத்துவிடும். ஐரோப்பிய ஓவியர்கள் இதை நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கதகளித் தட்டில் ஈயமும் இல்லை, செம்பும் இல்லை. நீலம் செடியிலிருந்து, கறுப்பு விளக்குப் புகையிலிருந்து. ஒரே ஒரு ஆபத்தான ஜோடி மட்டும் உண்டு: மனயோலையும் சுண்ணாம்பும். இரண்டையும் தண்ணீரில் குழைத்தால் முடியைக் கரைத்து உதிர்க்கும் களிம்பாகிவிடும். துருக்கியக் குளியலறைகளில் சவரத்துக்குப் பதிலாக அதைத்தான் பூசினார்கள். வேடக்காரரின் கன்னத்தில் மஞ்சள் கல்லும் அதற்கு விரலளவு கீழே சுண்ணாம்பும் இருக்கின்றன. எண்ணெய் குறுக்கே நிற்பதால் சண்டை மூளவில்லை.

ஆர்செனிக், பாதரசம் என்றதும் வயிற்றைக் கலக்குவது நியாயமே. இவற்றின் ஆபத்தைக் குறைப்பது கரையாமை. சாதிலிங்கத்தின் கரைதிறனைப் பாடப்புத்தகக் கணக்குப்படி போட்டால், நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு பாதரச அயனி மிதக்கும். நிஜத்தில் கொஞ்சம் தாராளமாகவே கரையும். ஆனாலும் மிகச் சொற்பம். அதற்காக இவை சாதுவென்று நினைத்துவிட வேண்டாம். மனயோலை வெளிச்சம் பட்டுப் பட்டு மெல்ல வெள்ளைப் பாஷாணமாக மாறும். அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் பழைய ஓவியங்களில் இதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். கல்லாக வைத்திருந்து, தேவைப்படும்போது புதிதாக அரைப்பதில் இந்த விதத்திலும் ஒரு விவேகம் இருக்கிறது. வீட்டில் முயன்று பார்க்க வேண்டிய சரக்கு இது அல்ல.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பு கண்ணில்தான். மேடைக்கு வரும் வேடக்காரரின் விழி வெள்ளை ரத்தமாகச் சிவந்திருக்கும். அழுததும் அல்ல, குடித்ததும் அல்ல. சுண்டப்பூ. நாம் வற்றல் போடும் சுண்டைக்காயின் இனத்துச் செடி. உதிரும் பூவின் அடியிலுள்ள சூலைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வட்டமாகத் தேய்க்கிறார்கள். வெள்ளையாக இருந்தது ஈரம் வற்றிக் கறுத்து, சிறு மணியாகச் சுருண்டுவிடும். அந்த மணிகள் சில மாதங்கள் கெடாது. ஒருமுறை தேய்த்து வைத்தால் ஒரு பருவத்துக்கு வரும். ஆட்டத்துக்கு முன் ஒரு மணியைக் கீழிமைக்குள் இட்டு, விழியை உருட்டுகிறார் நடிகர். கண்ணின் வெண்பகுதியைப் போர்த்திய மெல்லிய சவ்வில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஏராளம். சாதாரணமாக அவை ஒடுங்கிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உறுத்தல் பட்டதும் அவை விரிந்து ரத்தம் பாய்கிறது. தூசி விழுந்தால் சிவப்பதும் இதே வழியில்தான். ஆனால் தூசி என்றால் கண்ணீர் கொட்டி மை கரைந்துவிடும். சிவக்க வேண்டும், நீர் வழியக் கூடாது என்ற குறுகிய இடைவெளியில் பல தலைமுறை அனுபவம் இந்தச் செடியைக் கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறது.

இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குக் கண்ணோடு பழைய உறவு. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கோடு பெல்லடோனாவும் இதில் சேர்த்தி. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியப் பெண்கள் பெல்லடோனாச் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்கள். அதிலுள்ள அட்ரோபின் கண்மணியைச் சுருக்கும் தசையைத் தளர்த்திவிடுவதால் கருமணி அகன்று தெரியும். கண் மருத்துவர்கள் இன்றும் அட்ரோபினைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே குடும்பம், அங்கே கருமணியை விரித்தது, இங்கே வெண்விழியைச் சிவக்க வைக்கிறது. இரண்டுமே சொந்தமாக முயல்வதற்கானவை அல்ல. கண்ணுக்கு மாற்று கிடையாது.

சுண்டைச் செடிகள் அச்சுக்குப் போனதும் கொச்சியிலிருந்துதான். டச்சுக்காரர்களின் கொச்சித் தளபதி ஹென்ட்ரிக் வான் ரீட் மலபார் தாவரங்களைத் தொகுக்க, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ நூலின் இரண்டாம் தொகுதியில் ஆனைச்சுண்டையும் செறுச்சுண்டையும் படத்தோடு இடம்பெற்றிருக்கின்றன. செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னவர் கரப்புறத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள் உடன் உழைத்தார்கள். நால்வரின் ஒப்புதல் கடிதங்களும் முதல் தொகுதியில் அவரவர் எழுத்திலேயே அச்சாகியிருக்கின்றன. 742 செடிகள். 2003-இல் கே. எஸ். மணிலால் ஆங்கிலத்தில் கொண்டுவரும்வரை லத்தீன் தெரியாதவர்களுக்கு அது பூட்டிய பெட்டகம்.

கண் ஏன் சிவக்க வேண்டும் என்பதை மேடையின் எண்ணெய் விளக்கான ஆட்டவிளக்கு சொல்லும். கதகளிக்கு ஒரு காலத்தில் வேறு வெளிச்சமே கிடையாது. எண்ணெய்த் திரியின் ஒளி சூரிய ஒளியைவிட மிகவும் மஞ்சள். அதில் நீலம் சொற்பம். அந்த ஒளியில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு முகத்தின் பாவம் தெரிய வேண்டும். வெள்ளைச் சுட்டி இருட்டிலிருந்து முகத்தை வெட்டி எடுத்துத் தருகிறது. பச்சை முகத்துக்கு நடுவே சிவந்த விழி, நிறச் சக்கரத்தின் எதிர் முனையில் நிற்பதால், இருப்பதைவிடச் சிவப்பாகத் தோன்றுகிறது. இமைக்கரையின் மை எல்லை கட்டுகிறது. அந்த மையின் புகைத்துகள் ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அவ்வளவு நுணுக்கமாக எந்த அம்மியிலும் அரைக்க முடியாது. சுடர் அரைத்துத் தருகிறது.

முகம் மட்டும் தயாரானால் போதாது. ஆடுபவர் பாதத்தின் வெளி ஓரங்களில் ஊன்றி, முழங்கால் மடக்கி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மாணவப் பருவத்தில் மழைக்காலம் தொடங்கியதும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்து, ஆசான் மேலே பிடிமானம் பற்றிக்கொண்டு காலாலேயே உழிச்சல் செய்வார். கண் பயிற்சிக்கு முன் கண்ணில் நெய் இடுவார்கள். முகப்பச்சைக்குச் சொன்ன விதிதான் தோலுக்கும் தசைக்கும்: உலரக் கூடாது.

கடைசியாகச் சமையலறைச் சரக்கு ஒன்று. சுளுக்கு விழுந்தால் நம் வீடுகளில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். மஞ்சள் பளீரென்று சிவக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் ஹைட்ரஜனை இழந்து வடிவம் மாறி, நீல ஒளியோடு பச்சையையும் விழுங்கத் தொடங்குவதால் வரும் சிவப்பு. கேரளக் கோயில்களில் குருதி எனப்படும் சிவப்பு நீரும் இதுதான். கதகளியில் ‘துரியோதன வதம்’ கதையை ஆடும்போது துச்சாதனன் வயிற்றிலிருந்து வழியும் நிணத்துக்கும் இந்தக் குழம்பே அடிப்படை.

வதம் முடிந்த மறுநாள் உடுப்புகளைத் துவைப்பவருக்குத்தான் தலைவலி. சோப்பு காரம் என்பதால், போட்டதும் கறை இன்னும் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளுக்குத் திரும்பும், இரண்டிலும் போகாது. குர்குமினுக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, வெயில். ஒளி அதன் மூலக்கூறை நடுவிலேயே வெட்டிவிடுகிறது. ஈரத்துணியை வெயிலில் காயப்போட்டால் துணி உலரும்போதே கறையும் வெளுத்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் கொச்சியில், மழை விட்ட மாதங்களிலேயே உற்சவங்களும் ஆட்டங்களும் நெருக்கியடித்து வருவதில் துணி துவைப்பவருக்கு மட்டும் ஒரு கூடுதல் ஆதாயம்.